கொத்தவரங்காய்: அவரையைவிட அவுரிக்கு நெருங்கிய சொந்தம்!

கொத்தவரை, துவரை, வேர்க்கடலை, புளியமரம்... எல்லாமே ஒரே குடும்பம்தான். பெயர் ஃபேபேசியே. சுமார் 19,500 இனங்கள் கொண்டது.

யாருக்கு நெருக்கம்?
பார்க்க பீன்ஸ் மாதிரி இருந்தாலும், கொத்தவரை நீலச் சாயம் தரும் அவுரியின் கிளையைச் சேர்ந்தது.

குடும்பச் சாயல் என்ன?
வேர் முடிச்சுகள். அதில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தரும். ராஜஸ்தானின் வறண்ட மணல் நிலத்திலும் கொத்தவரை தாக்குப்பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

எதில் வித்தியாசம்?
துவரை, உளுந்து விதைகளில் சத்தெல்லாம் பருப்பிலேயே சேர்ந்துவிடும். கொத்தவரை விதையிலோ முளைசூழ்தசை தனியாகத் தங்குகிறது. அதை அரைத்தால் குவார் கம். ஊறிய வெந்தயம் வழவழப்பதும் இதே வகை மாவுப்பொருளால்தான். அதுவும் இதே குடும்பம்.

நமக்கு என்ன?
ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் இந்தப் பசை, பாறையைப் பிளந்து எண்ணெய், எரிவாயு எடுக்கவும் தேவை. அமெரிக்காவில் அந்தத் தேவை எகிறியதால் 2012-ல் இங்கே விலை தாறுமாறாக ஏறி, முன்பேர வணிகமே நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு விலை சரிந்தது. மழையை மட்டும் பார்த்த ராஜஸ்தான் விவசாயி, இப்போ கச்சா எண்ணெய் விலையையும் பார்க்கவேண்டியிருக்கு.