மறக்கருணையும் நித்திய ஆக்கினையும்: பழவேற்காட்டை முன்வைத்து

அன்பே உருவான இறைவன் ஓர் உயிரை முடிவில்லாத துன்பத்தில் விட்டுவைப்பாரா என்ற கேள்வி கிறித்தவத்துக்குப் பழையது. தமிழ்க் கிறித்தவத்தில் அதற்குத் தனிக் கூர்மை உண்டு. அந்தக் கூர்மை ஒரு சொல்லிலிருந்து வருகிறது. கிரேக்க மூலத்தின் ‘கெஹென்னா’வைத் தமிழ் வேதாகமம் ‘நரகம்’ என்று பெயர்த்தது. புராண மரபில் நரகம் வினையின் ஒரு பகுதியைக் கழிக்கும் இடம். கணக்குத் தீர்ந்தால் உயிர் அங்கிருந்து வெளியேறிப் பிறவிச் சுழலுக்குத் திரும்பும். அங்கே நரகம் வழியில் ஒரு தங்கல் மட்டுமே. 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ எழுதி மறுபிறப்பை மறுத்தார். கிறித்தவப் போதனைக்கு அந்த மறுப்பு தவிர்க்க முடியாதது. ஆனால் மறுபிறப்பை நீக்கிவிட்டு நரகம் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டால், வெளியேறும் வாசல் அடைபட்டுப்போகிறது. கத்தோலிக்கருக்கு ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்ற இடைநிலை இருந்தது. சீர்திருத்தச் சபைகள் அதையும் ஏற்கவில்லை.

இந்த முரண் முழு வெப்பத்தோடு வெளிப்பட்டிருக்கக்கூடிய ஓர் இடம், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் பழவேற்காடு. 1515-இல் போர்த்துகீசியரால் எழுப்பப்பட்டதாகக் கொள்ளப்படும் மகிமை மாதா ஆலயமும், 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கெல்திரியா கோட்டையின் எச்சமும், நுழைவாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் கொண்ட டச்சுக் கல்லறைத் தோட்டமும் அங்கே உள்ளன. 1632 முதல் 1642 வரை அவ்வூரில் டச்சுக் குருவாக இருந்தவர் ஆபிரகாம் ரோகேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து அவர் எழுதிய இந்து சமய நூல், அவர் இறந்தபின் 1651-இல் லைடனில் அச்சானது. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல்களை முதன்முதலாக ஐரோப்பிய மொழியில் அச்சேற்றிய நூல் என்பதால் அறிஞர்கள் அதைப் போற்றுவர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ரோகேரியஸ் சார்ந்திருந்த சீர்திருத்தச் சபையின் கொள்கை. 1618–19-இல் கூடிய தோர்த் சங்கம், மீட்கப்படுவோரை இறைவன் உலகத் தோற்றத்துக்கு முன்பே தெரிந்தெடுத்தார் என்றும், அதற்கு அவர்களிடம் முன்னறிந்த விசுவாசம் காரணமல்ல என்றும், ஏனையோரை அவர்கள் நிலையிலேயே விட்டார் என்றும் வரையறுத்தது. இந்த வடிவத்தில் நரகத்தையும் அன்பையும் இசைவிக்க முடியாது என்பதே என் முடிபு. காப்பாற்ற வல்லவர், காப்பாற்ற மனம் வைக்கவில்லை என்றால், அதற்கு இறையாண்மை என்று பெயரிடலாம். அன்பு என்று பெயரிட முடியாது. இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டு வேதாந்தி மத்வர், சில உயிர்கள் இயல்பாலேயே மீளா இருளுக்கு உரியவை என்றார். தோர்த் சங்கம் காரணத்தை இறைவனின் ஆணையில் வைத்தது, மத்வர் உயிரின் இயல்பில் வைத்தார். உயிரின் சொந்த விடை இரண்டிடத்திலும் கணக்கில் வரவில்லை.

தமிழ்ச் சிந்தனையில் இதற்கு மாற்றான ஒரு கருவி உண்டு. சைவ சித்தாந்தம் இறையருளை அறக்கருணை, மறக்கருணை என்று இரண்டாகக் காணும். பிள்ளையைத் தண்டிக்கும் பெற்றோரின் கோபம் அன்பின் வேறொரு முகமே என்ற வாதத்தை அருணந்தி சிவாச்சாரியாரின் ‘சிவஞான சித்தியார்’ முன்வைக்கிறது. தண்டனையும் அன்பும் எதிரெதிர் என்ற முற்கோளையே இது உடைக்கிறது. கிறித்தவ மூலமும் இதற்கு அந்நியமல்ல. மத்தேயு 25:46-இல் ‘ஆக்கினை’ எனப் பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் ‘கொலாசிஸ்’. தண்டிப்பவனின் நிறைவுக்கான பழிவாங்கலிலிருந்து, தண்டனை பெறுபவனின் பொருட்டான ஒறுப்பை அரிஸ்டாட்டில் இதே சொல்லால் வேறுபடுத்தினார். சுவிசேஷ காலத்தில் அந்த வேறுபாடு கறாராகக் காக்கப்பட்டது என்று இதிலிருந்து நிறுவ முடியாது. சொல்வேரை மட்டும் வைத்து இறையியல் கட்டுவது வலுவற்ற வேலை. ஆனாலும் அந்தச் சொல் வதையை மட்டுமே குறிக்கிறது என்ற வழக்கமான துணிபு ஆட்டம் காண்கிறது.

மறக்கருணைக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. திருத்துவதற்கான அடி, திருந்தியதும் நிற்க வேண்டும். முடிவே இல்லாத அடி யாரையும் திருத்துவதில்லை. எனவே நரகத்தின் நித்தியத்தை மறக்கருணையால் மட்டும் விளக்க இயலாது. எல்லையற்ற இறைவனுக்கு எதிரான குற்றம் எல்லையற்றது என்ற, இடைக்கால இறையியலாளர் ஆன்செல்ம் வழி வாதம் இங்கே உதவிக்கு அழைக்கப்படுவதுண்டு. அது செய்பவனின் அறிவையும் ஆற்றலையும் மறந்து, செய்யப்பட்டவரின் மேன்மையை மட்டும் அளக்கும் தராசு. அரசனை வைதவனுக்கும் அண்டை வீட்டானை வைதவனுக்கும் வெவ்வேறு தண்டனை விதித்த காலத்து நீதி. நித்தியத்துக்கு எஞ்சும் ஒரே நியாயமான அடிப்படை, உயிர் தன் மறுப்பில் நிலைத்துவிடக்கூடும் என்பதுதான். 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், நரகத்தை ஒருவர் தம்மைத்தாமே விலக்கிக்கொள்ளும் நிலை என்று வரையறுப்பது இதற்கு அணுக்கமானது. இந்நோக்கில் இறைவனின் அன்பு நரகத்தின் வாசலோடு நின்றுவிடுவதில்லை. நாடுபவருக்கு இன்பமாக இருக்கும் அதே அன்பு, வெறுப்பவருக்கு எரிவாகிறது.

அப்படியானால் நரகத்தை அறவே விட்டுவிட்டு, எல்லாரும் மீள்வர் என்று சொல்லிவிடலாமே என்பர் சிலர். இதற்கும் பழவேற்காடு ஒரு விடை தருகிறது. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து, சிறப்பாகப் பஞ்ச காலங்களில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மனிதர்களை விலைக்கு வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. அந்த வணிகத்தின் துறைகளில் பழவேற்காடும் ஒன்று. பசிக்குப் பிள்ளையை விற்ற தாயின் பக்கம் நிற்பதும் அன்புதான். வாங்கியவனிடம் எந்தக் கணக்கும் கேட்காத கனிவு, அவள்மீது அன்பில்லாமை. நியாயத்தீர்ப்பு அன்புக்கு எதிரி என்று எண்ணுவோர் பெரும்பாலும் குற்றவாளியின் இடத்திலிருந்து மட்டுமே கேள்வி கேட்கின்றனர். அதேவேளை, வாங்கியவன் என்றென்றும் எரிவதால் அந்தத் தாய்க்கு எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை. தான் செய்தது என்னவென்று அவள் கண்வழியே அவன் பார்த்தாக வேண்டும். அந்தப் பார்வையைத் தாங்க மறுத்து அவன் முகம் திருப்பிக்கொண்டே இருந்தால், அந்தத் திருப்பமே நரகம். ஒரு சுதந்திரம் முடிவின்றி அப்படி மறுத்துக்கொண்டே இருக்க முடியுமா என்ற ஆட்சேபம் வலுவானது. நான்காம் நூற்றாண்டு நிசாவின் கிரகோரி முடியாது என்றே கருதினார். தீமைக்கு எல்லை உண்டு, நன்மைக்கு இல்லை என்பது அவர் அடிப்படை. நரகம் மெய்யான சாத்தியம் என்பதை ஏற்றுக்கொண்டே, அது வெறுமையாக இருக்கும் என்று நம்பிக்கை கொள்ளலாம். அதை உறுதியாக அறிவிக்கும் உரிமை மட்டும் நமக்கில்லை.

வேதாகமத்தின் கடுமையான உரைகளை இந்த நோக்கு நீர்த்துப்போகச் செய்கிறது என்ற குறை எழும். அவ்வுரைகள் பெரும்பாலும் கேட்பவரை நோக்கிய எச்சரிக்கைகள். பிறர் கதியைப் பற்றிய செய்தியறிக்கைகளாக அவற்றை வாசிப்பதில்தான் பிழை நேர்கிறது. மேலும், விசுவாசப் பிரமாணத்தில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் தமிழில் ஓதும் ஒரு தொடர், இயேசு பாதாளத்தில் இறங்கினார் என்கிறது. முற்கால நீதிமான்களை மீட்கவே இறங்கினார் என்று அதைச் சுருக்குவோர், 1 பேதுரு 3:19–20 பேசுவது நோவாவின் காலத்துக் கீழ்ப்படியாதவர்களைப் பற்றி என்பதைக் கவனிப்பதில்லை. ரோகேரியஸின் சபை கற்பித்த ஹைடெல்பெர்க் வினாவிடையோ, அந்த இறக்கத்தைச் சிலுவையில் இயேசு பட்ட நரக வேதனை என்று பொருள்கொண்டது. தோர்த் சங்கம் அங்கீகரித்த நூலே அது. நரகத்தின் துயரை இறைமகன் தாமே பட்டார் என்று எழுதிய நூலும், சிலரை அதிலேயே விட்டுவிட இறைவன் தீர்மானித்தார் என்ற வரையறையும் கெல்திரியா கோட்டைக்குள் ஒரே பிரசங்க மேடையைப் பகிர்ந்துகொண்டன.