கொட்டகைக்குப் பின்னால் பூத்தது

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக்கில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். பின்பக்கம் நாலு கட்டில் போடும் அளவுக்குப் புல்தரை, ஒரு மரக் கொட்டகை, வேலியோரம் ஹாதார்ன் செடி. இங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். வந்த முதல் வருஷம் அந்த இருட்டு என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. வசந்தம் எப்போ வரும் என்று தினமும் காலையில் தோட்டத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன். ஜனவரி 28 அன்று முதல் ஸ்னோட்ராப் பூவைப் பார்த்ததும் நோட்டில் தேதி போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பாட்டியம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோது, கொட்டகைக்குப் பின்னால் அது பூத்து இரண்டு வாரமாகிறது என்றார். நான் அங்கே எட்டிப் பார்க்கவே இல்லை.

அந்த அசட்டுத்தனம்தான் என்னை ராபர்ட் மார்ஷமிடம் கொண்டுபோய் விட்டது. 1708-ல் பிறந்தவர், இதே நார்ஃபோக்கில் ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்ற ஊரின் நிலக்கிழார், மரம் நடுவதில் பித்து. 1736-ல், தன் 28-வது வயதில், வசந்தத்தின் அறிகுறிகளை எழுதிவைக்கத் தொடங்கினார். மொத்தம் 27 அறிகுறிகள். ஸ்னோட்ராப் பூப்பது, த்ரஷ் பறவை பாடுவது, தவளை கத்துவது, ஓக், பீச், எல்ம் என்று ஒவ்வொரு மரமும் இலைவிடுவது, தகைவிலான் குருவி வந்து சேர்வது, குக்கூவும் நைட்டிங்கேலும் முதலில் கேட்பது, மஞ்சள் வண்ணத்துப்பூச்சி தென்படுவது. 1789-ல் ராயல் சொசைட்டியின் இதழில் அந்த அட்டவணை வெளியானது. எட்டு வருஷம் கழித்து, 89 வயதில் இறந்தார்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு நல்ல கடித நண்பர் வாய்த்தார். செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட். 1751 முதல் தன் வீட்டுத் தோட்டத்துக்கு நாட்குறிப்பு எழுதியவர். 1790-லிருந்து 1793-ல் ஒயிட் சாகும்வரை இருவரும் எழுதிக்கொண்டார்கள். தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது அப்போது தீராத கேள்வி. அவற்றில் சில எங்கோ பொந்துகளில் ஒளிந்து உறங்குகின்றன என்ற சந்தேகத்தை ஒயிட் கடைசிவரை விடவில்லை. பிரிட்டனின் தகைவிலான்கள் தென்னாப்பிரிக்கா வரை போகின்றன என்று இன்று தெரியும். அதே இனத்தின் வேறு கூட்டங்கள் ஆசியாவின் வடக்கிலிருந்து நம் ஊர் மின்கம்பிகளுக்கு வந்து வரிசையாக உட்காருகின்றன. சின்ன வயதில் அவற்றைப் பார்த்தபோது, அவை ஏதோ ஒரு ஊரின் குளிருக்குத் தப்பி வந்தவை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இனி என் தொழில் புத்தி பேசும். யூனிக்ஸ் கணினியில் 1752 செப்டம்பர் மாத நாட்காட்டியைக் கேட்டுப் பாருங்கள். 2-க்கு அடுத்து 14 வரும். பிழையில்லை. பிரிட்டன் அன்றுதான் ஜூலியன் நாட்காட்டியை விட்டு கிரிகோரியனுக்கு மாறியது; 11 நாட்கள் காணாமல் போயின. பழைய கணக்கில் ஏப்ரல் 10 என்பது புதிய கணக்கில் ஏப்ரல் 21. மார்ஷம் கவனித்த முதல் 17 வசந்தங்கள் இந்த மாற்றத்துக்கு முந்தியவை.

இதிலென்ன என்று தோன்றலாம். 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டனின் 405 தாவர இனங்கள் முதலில் பூத்த தேதிகளை 250 வருஷத்துக்குத் தொகுத்தது. கடைசி 25 வருஷங்களில், அதற்கு முந்தைய எந்த 25 வருஷ காலத்தையும்விட 2.2 முதல் 12.7 நாட்கள் முன்னதாகப் பூக்கள் வந்திருக்கின்றன. அந்த அளவையும் காணாமல் போன 11 நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால், 1740-களின் வசந்தம் நிஜத்தைவிட 11 நாள் முந்தி வந்ததாகத் தெரியும். ஒரு நூற்றாண்டின் வெப்பமாதல் மொத்தமும் ஒரு தேதிப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். அதிலும் 1740, மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவில் 1659 முதல் இன்றுவரை ஆகக் குளிரான வருஷம்.

இன்னொரு சிக்கல் என் ஸ்னோட்ராப் சொன்னது. 'முதலில் பூத்தது' என்று நாம் எழுதுவது உண்மையில் 'நான் முதலில் பார்த்தது'தான். ஆள் மாறினால், பார்க்கும் இடம் மாறினால், தேதியும் மாறும். மார்ஷமின் பதிவுக்கு மதிப்பு வந்தது அவர் மேதை என்பதால் இல்லை. ஒரே இடத்தில், ஒரே 27 விஷயங்களை, சலிக்காமல் பார்த்தார் என்பதால். அவருக்குப் பிறகு மகன், பேரன் என்று குடும்பம் தொடர்ந்தது. நடுவில் கால் நூற்றாண்டு போல ஓர் இடைவெளி உண்டு. பிறகு மறுபடி யாரோ நோட்டைக் கையில் எடுத்தார்கள். 1958-ல் மேரி மார்ஷமோடு அது நின்றது. வெப்பமாதல் வேகமெடுத்த பத்தாண்டுகளைப் பார்க்க அந்தக் குடும்பத்தில் ஆளில்லை.

அந்தப் பட்டியலை இன்று ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் தொடர்ந்தால் சில கட்டங்கள் காலியாகவே கிடக்கும். நைட்டிங்கேலும் குக்கூவும் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. எல்ம் மரங்களில் பெரும்பகுதியை 1970-களின் பூஞ்சை நோய் கொண்டுபோய்விட்டது. வசந்தம் சீக்கிரம் வருகிறது என்பது பாதிக் கதைதான். வந்தாலும் எல்லாரும் வருவதில்லை.

எனக்கு இது மூணாவது குளிர்காலம். இந்தத் தடவை கொட்டகைக்குப் பின்னாலிருந்துதான் ஆரம்பித்தேன்; ஜனவரி 11. மூணு தேதியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதிலும் முதல் தேதி தப்பு. அதை அடிக்கவில்லை, பக்கத்தில் 'இந்தப் பக்கம் மட்டும் பார்த்தது' என்று எழுதிவைத்தேன். ஆகஸ்டில் வேலை ஒப்பந்தம் முடிகிறது, ஊர் திரும்புகிறோம். போன வாரம் நோட்டைப் பாட்டியம்மாவிடம் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுதுகிறேன், ஆனால் எனக்கு 81 வயது என்றார். கூடவே, அடுத்து இந்த வீட்டுக்கு வருபவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றும் விசாரித்தார்.