செரண்டிபிட்டி பிறந்த கதை

ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்தநாள் தெரியாது. ‘செரண்டிபிட்டி’க்குத் தெரியும்: 1754 ஜனவரி 28. அன்றுதான் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த தன் நண்பர் ஹொரேஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல்லை உருவாக்கினார். பியாங்கா கப்பெல்லோ என்ற சீமாட்டியின் ஓவியத்தை மான் அனுப்பியிருந்தார். அந்தக் குடும்பத்தின் சின்னம் பற்றிய ஒரு விவரம், பழைய வெனிஸ் நூலொன்றில் வால்போலின் கண்ணில் எதேச்சையாகப் பட்டது. அந்த மகிழ்ச்சியில் எழுதும்போதுதான், எப்போதோ படித்த ‘செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்’ கதை அவர் நினைவுக்கு வந்தது.

செரண்டிப் என்பது இலங்கை. அரபு, பாரசீக வணிகர்கள் அத்தீவுக்கு வழங்கிய பெயர். கதை 1557இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சானது. அதன் வேர் அமீர் குஸ்ராவின் பாரசீகக் காவியம் வரை போகிறது.

இளவரசர்கள் வழியில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவனைச் சந்திக்கிறார்கள். “உன் ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடா? ஒரு பல் இல்லையா? கால் நொண்டியா?” என்று கேட்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கவே, இவர்கள்தான் திருடர்கள் என்று சிறையில் அடைத்துவிடுகிறார்கள். அவர்களோ ஒட்டகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்தது. அதுவும் புல் மோசமாக இருந்த பக்கம். நல்ல புல் இருந்த பக்கம் அதற்குத் தெரியவில்லை. பல் அளவுக்கு மென்ற புல் துணுக்குகள் சிந்திக் கிடந்தன. ஒரு காலை இழுத்து நடந்த தடம் மண்ணில் பதிந்திருந்தது.

இந்தக் கதை நமக்கும் சொந்தம். தமிழில் வழங்கிய அலகேச கதையிலும் தொலைந்த ஒட்டகம் உண்டு. வழியில் சிந்தியிருந்த ரத்தத் துளிகளைப் பார்த்து, கொசுவை விரட்ட முடியாத குட்டை வால் என்று ஒருவன் சொல்லிவிடுகிறான்.

வால்போல் தன் சொல்லுக்குத் தந்த பொருளில் இரண்டு பாதிகள்: தற்செயல் ஒன்று, கூர்மதி மற்றொன்று. தேடாத பொருள் எதிர்ப்பட வேண்டும். அது இன்னதென்று புரிந்துகொள்ளும் அறிவும் வேண்டும். கடிதங்கள் 19ஆம் நூற்றாண்டில் அச்சேறிய பிறகும் சொல் நெடுங்காலம் அறிஞர் வட்டத்திலேயே கிடந்தது. 20ஆம் நூற்றாண்டில்தான் அறிவியலாளர்கள் அதைப் பரப்பினார்கள். அவர்கள் அடிக்கடி காட்டும் உதாரணம் பென்சிலின். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் பூஞ்சை வந்து விழுந்தது தற்செயல். பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியா அழிந்திருந்ததைக் கவனித்தது அவருடைய கூர்மதி. கெட்டுப்போன தட்டு என்று கழுவிப் போட்டிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

இன்று நாளிதழிலும் விளம்பரத்திலும் ‘இனிய தற்செயல்’ என்ற பொருளில் மட்டுமே இச்சொல் புழங்குகிறது. அது பாதிப் பொருள்தான். பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தரும் ஆசிரியர்கள், பொருளோடு ஒட்டகக் கதையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்ற பாதி அதில்தான் இருக்கிறது.