துய்த்தல் என்றொரு சொல்

ஒரு சொல்லை மாற்றினால் ஒரு கவிதை கெடலாம், அல்லது சிறக்கலாம். சட்டத்தில் ஒரு சொல் மாறினால் மனிதரின் கதியே மாறிவிடும். அத்தகைய ஒரு மாற்றத்தின் வரலாற்றை இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1938 ஜூலையில் பிரான்சின் எவியன் நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்ப வழிதேடிய யூதர்களுக்குப் புகலிடம் காண்பதே நோக்கம். அனுதாபத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஆனால், பெருந்தொகையானோரை ஏற்க முன்வந்தது டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான்.

மறு ஆண்டு மே 13ஆம் திகதி ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து சென் லூயிஸ் என்னும் கப்பல் 937 பயணிகளுடன் கியூபாவுக்குப் புறப்பட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யூதர். கையில் அனுமதிப் பத்திரம் இருந்தும் ஹவானாவில் 28 பேரே இறங்க விடப்பட்டனர். புளோரிடாக் கரையோரம் சென்ற கப்பலிலிருந்து மியாமியின் விளக்குகள் தெரிந்தன. அமெரிக்காவும் கதவைத் திறக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரித்தானியா, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியன பயணிகளைப் பங்கிட்டு ஏற்றன. அடுத்த ஆண்டே பின்னைய மூன்று நாடுகளும் ஜேர்மனியிடம் வீழ்ந்தன. திரும்பி வந்தோருள் 254 பேர் யூதப் படுகொலையில் மாண்டனர்.

இந்த நினைவு ஆறுமுன்னரே, 1948இல், உலக மனித உரிமைப் பிரகடனம் வரையப்பட்டது. அதன் 14ஆம் உறுப்புரையின் வரைவில், துன்புறுத்தலுக்கு உள்ளானவர் பிற நாடுகளில் புகலிடம் ‘நாடவும் வழங்கப்பெறவும்’ உரிமையுடையவர் என்றிருந்தது. பிரித்தானியா ஒரு திருத்தம் கொண்டுவந்தது. புகலிடம் அளிப்பது அரசின் உரிமை என்பதே அதன் வாதம். ‘வழங்கப்பெற’ என்பது நீங்கி, ‘துய்க்க’ என்பது அமர்ந்தது. கேட்க அழகான சொல்தான். ஆனால் தரப்பட்டதைத்தானே துய்க்க முடியும்? தரவேண்டியவர் யார் என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை.

1951இல் ஜெனீவாவில் உருவான அகதிகள் சமவாயம் இக்குறையை ஓரளவு நிரப்பியது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பியனுப்பலாகாது என்கிறது அதன் 33ஆம் உறுப்புரை. சில நாடுகள்மீது சுமை அளவுக்கு மிஞ்சி விழலாம், ஆதலால் சர்வதேச ஒத்துழைப்பின்றித் தீர்வில்லை என்று அதன் முகவுரையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் எந்த நாடு எத்தனை பேரை ஏற்பது என்பதற்கு விதி எதுவும் அதில் இல்லை.

இலங்கையும் இந்தியாவும் அச்சமவாயத்தில் இணையாத நாடுகள். எனினும், 1983க்குப் பின் பாக்கு நீரிணையைப் படகில் கடந்த எம்மவருக்கு மண்டபத்தில் முகாம் கிடைத்தது. அந்த உதவியை நாம் மறக்கலாகாது. அதேவேளை, கருணையாகக் கிடைப்பதை நாளை ஓர் அரசு நிறுத்திக்கொண்டால் எதைக் காட்டி நியாயம் கேட்பது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

2018இல் ஐ.நா. பொதுச்சபை அகதிகள் குறித்தும் குடிபெயர்வோர் குறித்தும் இரண்டு உலக உடன்பாடுகளை ஏற்றது. பொறுப்பைப் பகிரவேண்டும் என்று அவை பேசுகின்றன. இரண்டும் சட்டத்தால் கட்டுப்படுத்தாதவை. 1948இல் நீக்கப்பட்ட அந்தச் சொல் இன்னும் உரிய இடத்துக்குத் திரும்பவில்லை என்றே நான் கருதுகிறேன்.