உழைச்செல்வான்: தமிழகத்து மனநலப் பணியின் வரலாற்றில் நான்காம் கூறு

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. முதல் மூன்றும் விளக்கம் வேண்டாதன. நான்காவதாகிய உழைச்செல்வான் யார் என்பதே கருதற்குரியது. பரிமேலழகர் அவனை இயற்றுவான் எனக் கொண்டு, நோயாளியிடத்து அன்புடைமை, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவுடைமை என்னும் நான்கினையும் அவனுக்கு உரியனவாக வகுத்துரைப்பர். 'உழை' என்பது நன்னூலில் ஏழாம் வேற்றுமை உருபுகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. பக்கம் என்னும் பொருள் தருவது. ஆதலின், நோயாளியின் பக்கத்தே சென்று நிற்பவன் உழைச்செல்வான் எனக் கொள்ளுதல் பொருந்தும். வள்ளுவர் ஈண்டுத் தாய் என்றோ, மனைவி என்றோ, சுற்றம் என்றோ கூறினார் அல்லர் என்பதும் நினைவில் இருத்தத் தக்கது.

உடல் நோயுற்றவன் தன் நிலையைத் தானே எடுத்துரைக்க வல்லவன். மனநோயுற்றவனுக்கோ அவ்வன்மையே பல வேளைகளில் குன்றிவிடுகின்றது. உறங்காமையையும், உண்ணாமையையும், பேச்சின் மாற்றத்தையும் முதலில் காண்பவர் பக்கத்தில் இருப்பவரே. எனவே, மனநல மருத்துவத்தில் நான்காம் கூறு பிற மூன்றுக்கும் வாயிலாக அமைகின்றது. தமிழகத்து மனநலப் பணியின் இருநூறாண்டு வரலாறு, இக்கூற்றினை இழந்ததும் பின்னர்ச் சிறிது சிறிதாக மீட்டதுமாகிய வரலாறே. மீட்ட அது, ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் மீண்டும் கைநழுவும் நிலையில் உள்ளது. இவ்விரு கருத்துகளையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இலக்கியச் சான்றுகள் சிலவற்றைக் காண்போம். அகப்பாடல்களில் தலைவியின் மேனி வாடக் கண்ட தாய், அதனை முருகன் தந்த அணங்கெனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றாள். நோயின் உண்மையான காரணத்தை அறிந்தவள் தோழி ஒருத்தியே; அவளே தக்க காலத்தில் அறத்தொடு நிற்கின்றாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் செவிலிக்குத் தோழி கூறும் அத்தகைய கூற்றே. ஈண்டுப் பேசப்படுவது காதல் நோயே எனினும், பெற்ற தாய் காணாததனை உடன் பயின்ற தோழி காண்பாள் என்னும் உண்மை இப்பாடல்களால் பெறப்படுகின்றது.

மணிமேகலையில் இதற்கு மாறான காட்சி ஒன்று உண்டு. மலர்வனம் புக்க காதையில், புகார் நகர வீதியில் பித்தன் ஒருவன் அலரி மாலையும் கந்தைத் துணியும் அணிந்து, அழுதும் விழுந்தும் எழுந்தும் திரிகின்றான். அவனைச் சூழ்ந்து ஒரு கூட்டம் நிற்கின்றது. அவர்கள் அவனுக்காக இரங்குகின்றனர். ஆயினும் கண்டு நிற்பதன்றி வேறொன்றும் செய்திலர். கூட்டம் உண்டு, உழைச்செல்வான் இல்லை என்பதே சாத்தனார் காட்டும் நிலை. அதே காப்பியத்தில் உலக அறவி என்னும் அம்பலம் காப்பார் அற்றோர்க்கும் பிணியுற்றோர்க்கும் புகலிடமாகின்றது. பல நாட்டவரும் வந்து வாழ்ந்த துறைமுக நகரில் சுற்றத்தின் இடத்தை ஊர்ப் பொதுமை ஏற்றது எனக் கொள்ளலாம்.

இனி, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திற்கு வருவோம். 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கானலி என்பார் சென்னைப் புரசைவாக்கத்தில் 16 பேர் தங்கத்தக்க காப்பகம் ஒன்றை அமைத்தார். 1858இல் பித்தர் காப்பகச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, திரிந்து அலையும் மனநோயாளரைக் காவலர் பிடித்து நீதிபதிமுன் நிறுத்தலாயினர். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய காப்பகம் எழுந்தது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் மதிலுக்கு உள்ளே இருந்தன. நான்காமவன் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். அவனது இடத்தை வார்டர் என்னும் ஊழியர் பெற்றனர். பக்கத்தில் நிற்பவனும் காவல் நிற்பவனும் ஒருவர் ஆகார். இவ்வேறுபாட்டை மக்கள் வழக்கே நன்கு காட்டும். கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயர் சென்னைப் பேச்சுவழக்கில் ஓர் ஏசற்சொல் ஆகிவிட்டது. நோய் தீர்க்கும் இடத்தின் பெயர் வசையாக வழங்குமாயின், அவ்விடத்திற்கும் ஊருக்கும் இடையே இருந்த பிளவு எத்துணை ஆழமானது என்பதை உய்த்துணரலாம்.

இப்பிளவை நீக்கும் முயற்சிகள் 1950களில் தோன்றின. பஞ்சாபின் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் வித்யாசாகர் என்னும் மருத்துவர், நோயாளரின் குடும்பத்தார் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்குமாறு செய்தார். 1957இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மனநல மையம், புளோரன்சு நிக்கல்சு என்னும் அம்மையாரின் முயற்சியால் பாகாயத்தில் தொடங்கப்பெற்றது. அங்கும் உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்குதல் மருத்துவ முறையின் பகுதியாயிற்று. கீழ்ப்பாக்கத்தில் 1961ஆம் ஆண்டு கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற மருத்துவர் மா. சாரதா மேனன், புறநோயாளர் பிரிவினை வளர்த்து, நோயாளர் தம் வீட்டிலிருந்தே மருத்துவம் பெறும் வழியை விரிவாக்கினார். அவரே 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமாகிய 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தோற்றுவித்தார். தற்கொலைத் தடுப்புக்கெனச் 'சினேகா' 1986இலும், வீடற்ற மனநோய்ப் பெண்டிர்க்கென 'பான்யன்' 1993இலும் சென்னையில் தோன்றின. 1996–97இல் மைய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் முதற்கண் நான்கு மாநிலங்களில் தொடங்கப்பட்டது. அவற்றுள் தமிழகமும் ஒன்று. இங்கு அதற்குரிய களமாயிற்று திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

ஆயினும் இவ்வளர்ச்சி எங்கும் ஒரு நிகராக அமையவில்லை. 2001 ஆகத்து 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் மாண்டனர். தருகாவின் அருளை நாடிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள் அவர்களுட் பலர். உழைச்செல்வானது இடத்தில் சங்கிலி வைக்கப்பட்டது என்பதே அந்நிகழ்ச்சியின் சுருக்கம். உச்ச நீதிமன்றம் அதனைத் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. உரிமமற்ற காப்பகங்கள் மூடப்பட்டன.

வழிபாட்டிடங்களில் தங்குவதே இத்தீங்கிற்குக் காரணம் என முடிவு கட்டுதல் பொருந்தாது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே (2002) பிரிட்டிசு மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தமிழகச் சிற்றூர் ஒன்றின் முத்துச்சாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளரைப் பற்றியது அது.  அங்குத் தனி மருத்துவம் இல்லை. தங்கியோர் கோயிலின் அன்றாடச் சிறு பணிகளைச் செய்தனர். சில கிழமைகளில் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அச்சுறுத்தாத, ஆதரவு தரும் சூழலே இதற்குக் காரணம் ஆகலாம் என ஆய்வாளர் கருதினர். கோயில் மருந்துக்கு மாற்றாகும் என்பது இதன் பொருள் அன்று. நான்காம் கூறு தனித்து நின்றும் ஓரளவு பயன் விளைக்கும் என்பதே இதனாற் பெறப்படுவது.

அக்கூறு மருத்துவத்தோடு சேருமிடத்து விளையும் பயனைக் காட்டுவது 2014இல் 'லான்செட்' இதழில் வெளியான மற்றோர் ஆய்வு. மனச்சிதைவு நோயுற்ற 282 பேரை உள்ளடக்கிய அவ்வாய்வின் களங்களுள் ஒன்று அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்தது. மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர் மக்களே பயிற்சி பெற்று, நோயாளரின் வீடு சென்று துணை நின்றனர். மருத்துவமனைப் பணியை மட்டும் பெற்றோரினும், இத்துணையையும் சேர்த்துப் பெற்றோர் ஓராண்டின் முடிவில் ஓரளவு மிகுதியான நலம் எய்தினர். பயன் ஓரளவினதே எனினும், உறவினர் அல்லாதாரும் உழைச்செல்வார் ஆகலாம் என்பதற்கு இது தக்க சான்று.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் மற்றொரு பகுதியே நாம் கருத எடுத்துக்கொண்ட தொழிற்பகுதி. இராமானுசர் பிறந்த ஊர் என்னும் புகழ் ஒன்றே பன்னெடுங்காலம் திருப்பெரும்புதூருக்கு உரியதாயிருந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2006இல் கைபேசித் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பெற்று, 2014இல் மூடப்பட்டது. 2010 முதல் ஒரகடத்திலும் பெருந்தொழிற்சாலைகள் இயங்கலாயின. வயலும் ஏரியுமாய் இருந்த நிலத்தில் தமிழகத்துப் பிற மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் இளைஞர் வந்து தங்கினர். வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கத்தக்க விடுதியைச் சிப்காட் நிறுவனம் கட்ட, 2024 ஆகத்தில் அது திறக்கப்பெற்றது.

இவ்விடுதிகளில் உறைவோர் பெரும்பாலும் முதன்முறையாக வீட்டை நீங்கியவர்கள். 1957க்குப் பின் நம் மருத்துவர் அரிதின் மீட்ட நான்காம் கூறு குடும்பத்தையே அடித்தளமாகக் கொண்டது. அக்குடும்பமோ இங்கு நூறு காதத்திற்கு அப்பால் உள்ளது. அறைத் தோழியர் உளரே எனின், முறைவேலை அவர்களையும் பிரிக்கின்றது. இரவு முறையினள் உறங்கும்போது பகல் முறையினள் பணியில் இருக்கின்றாள். எம்மிடம் பயின்று அப்பகுதிக்கு வேலைக்குச் சென்ற மாணவி ஒருத்தி, தன் அறைத்தோழியின் குரலைக் காட்டிலும் அவள் போர்வையின் நிறமே தனக்கு நன்கு தெரியும் என்றாள். அகப்பாடல்களின் தோழி தலைவியோடு உண்டும் உறங்கியும் பயின்றமையாலன்றோ அவள் நோயை அறிந்தாள்?

2021 திசம்பரில் பூந்தமல்லியை அடுத்த விடுதி ஒன்றில் கெட்ட உணவால் பெண் தொழிலாளர் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். உடன் உறைந்தவர் சிலர் இறந்துவிட்டனர் என்னும் வதந்தி பரவியது. பெண்கள் திரண்டு சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். யாரும் இறந்திலர். உணவின் குறையைப் பலரும் பேசினர். ஆயின், தன் பக்கத்தே படுத்தவள் என்ன ஆனாள் என்பதை அறிய வழியின்றி ஒருத்தி இருந்தாள் என்பதும் அதனினும் சிறிய குறை அன்று.

இந்நிலையில் உதவத்தக்க வாயில்கள் அறவே இல்லை எனல் இயலாது. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசியத் தொலைமனநலப் பணி 14416 என்னும் எண்ணில் பல மொழிகளில் கிடைக்கின்றது. தமிழகத்தில் அது 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயர் பெற்றது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் நீட்டித்த நோய்க்கால உதவிப் பட்டியலில் கடும் மனநோய்களும் இடம்பெற்றுள்ளன; ஊதியத்தில் 80 விழுக்காடு ஈராண்டு வரை பெறலாம். ஆனால், ஈராண்டு தொடர்ந்து பணியாற்றியோர்க்கே அவ்வுதவி உரியது. குறுங்கால ஒப்பந்தத்தில் வருவோர்க்கு அது பயன்படுதல் அரிது.

இவற்றினும் நம் கருத்திற்கு நெருங்கியது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் சங்கிலியிடுதலைத் தடை செய்தது. சமுதாயத்தில் வாழும் உரிமையை வழங்கியது. அகவை நிறைந்த எவரும் தமக்கு மனநலம் குன்றுங்கால் தம் சார்பில் நிற்பவர் ஒருவரை வெற்றுத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நியமிக்கலாம் என்பது அதன் 14ஆம் பிரிவு. அவ்வாறு நியமிக்கப்படுபவர் உறவினராக இருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை. பராமரிப்பவர் என்னும் சொல்லுக்கு அச்சட்டம் கூறும் இலக்கணமும் நோக்கத்தக்கது. நோயாளியுடன் உறைந்து அவரைப் பேணும் பொறுப்புடையவர், உறவினராயினும் பிறராயினும், பராமரிப்பவரே என்பது அது. சுற்றம் என்னாது உழைச்செல்வான் என்ற வள்ளுவரின் சொல்லுக்கு, பாராளுமன்றச் சட்டம் ஒன்று தன்னை அறியாமலே உரை எழுதிற்று எனலாம்.

எனினும், சட்டம் உரிமையைத் தருமேயன்றி ஆளைத் தாராது. தொலைபேசியும் அழைப்பவரைத் தேடி வாராது. அழைக்கும் வன்மையையே இழந்தவளுக்காக வேறொருத்தி அழைத்தல் வேண்டும். அவ்வொருத்தியை உருவாக்குதல் அரிய செயல் அன்று என்பதனைக் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆய்வே காட்டிற்று. ஒவ்வொரு விடுதித் தளத்திலும் சிலர் பயிற்சி பெறுதல், ஓர் அறையினர்க்கு ஒரே முறைவேலை தருதல், வேலையிற் சேரும் நாளிலேயே 14ஆம் பிரிவின்படி ஒரு தாளில் ஒரு பெயரை எழுதி வைக்குமாறு சொல்லுதல் என்னும் மூன்றும் பெரும்பொருள் வேண்டாதன.

உலக அறவியைக் கட்டிய மரபினர்க்கு 18,720 பேர் துயில ஓர் இல்லம் கட்டுதல் இயன்றுவிட்டது. அவ்வில்லத்தில் ஒருத்தி மூன்று நாள் உண்ணாதிருந்தால் அதனை முதலில் அறிபவர் யார் என்னும் வினாவிற்கு விடை இன்னும் எழுதப்படவில்லை. அவ்விடை எழுதப்படுங்காறும் நம் மருத்துவம் மூன்று கூற்றதே.