‘ஹூ’ என்ற சின்னச் சொல்லும் பென்ஷன் என்ற பெரிய சொல்லும்

ஆங்கில இலக்கணத்தில் எங்கள் தலைமுறையைப் பாடாய்ப் படுத்தியவை இரண்டு. ஒன்று ஆர்ட்டிகிள். மற்றொன்று ரிலேட்டிவ் கிளாஸ். ஹூ, விச், தட் ஆகிய மூன்றில் எதை எங்கே போடுவது என்று தெரியாமல், ரென் அண்டு மார்ட்டின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விழித்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் பலர் இருப்பீர்கள்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பு ஆங்கில ஆசிரியர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதுவார். ஹூ அல்லது விச் போட்டு ஒரே வாக்கியத்தில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, கேட்பவர்களுக்குச் சிரிப்பு வர வேண்டும்.

‘குடை’ என்று எழுதினார். முன் பெஞ்சுப் பையன் ஒருவன், “மழை பெய்யாத நாளில் மட்டும் நம்மோடு வருகிற பொருள்” என்றான். ‘விருந்தாளி’ என்றதும் இன்னொருவன், “போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசற்படியில் நின்று ஒரு மணி நேரம் பேசுகிறவர்” என்றான். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. ஆனால் ஹூவும் விச்சும் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டன.

என் முறை வந்தபோது அவர் எழுதிய சொல் ‘பென்ஷனர்’. “வேலை எதுவும் செய்யாமல் சம்பளம் வாங்குகிறவர்” என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு, “உனக்கு முன்னாலேயே டாக்டர் ஜான்சன் இதைவிடக் கடுமையாக எழுதிவிட்டார். பிறகு அவரே மாட்டிக்கொண்டார்” என்றார். அவர் எப்படி மாட்டிக்கொண்டார் என்பதைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. நான் தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று. இப்போது நானும் பென்ஷன் வாங்குகிறவன் ஆனதால் அந்தக் கதையைச் சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது.

சாமுவேல் ஜான்சன் 1709-இல் இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். பணம் இல்லாததால் பட்டம் வாங்காமலே திரும்பினார். லண்டனுக்கு வந்து பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். 1746-இல் லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் சேர்ந்து, ஆங்கிலத்துக்கு ஓர் அகராதி செய்து தரும்படி அவரிடம் ஒப்பந்தம் போட்டார்கள். தொகை 1,500 கினி. உதவியாளர்களின் சம்பளமும் அதற்குள்ளேயே அடக்கம்.

மூன்று வருஷத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஒன்பது வருஷம் ஆயிற்று. காஃப் ஸ்கொயர் என்ற இடத்தில் இருந்த வாடகை வீட்டின் மேல்மாடியில் ஆறு உதவியாளர்களை வைத்துக்கொண்டு வேலை நடந்தது. நடுவில் 1752-இல் மனைவியும் இறந்துபோனார். கடைசியில் 1755 ஏப்ரல் 15 அன்று இரண்டு பெரிய தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. 42,000-க்கும் மேற்பட்ட சொற்கள், ஒரு லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள்.

இத்தனை சொற்களில் கேலியான விளக்கங்கள் ஒரு கைப்பிடிதான் இருக்கும். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தக் கைப்பிடியைத்தான். ஓட்ஸ் என்ற தானியத்துக்கு விளக்கம் எழுதும்போது, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது ஸ்காட்லாந்தில் மனிதர்களுக்குச் சாப்பாடு என்று ஒரு குத்து வைத்தார். அவருடைய ஆறு உதவியாளர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள்! அகராதி எழுதுகிறவனைப் பற்றிய விளக்கத்தில், யாருக்கும் தீங்கு செய்யாத வெறும் மாடாய் உழைக்கிறவன் என்று தன்னையே கேலி செய்துகொண்டார். கலால் வரிக்கு அவர் எழுதிய விளக்கத்தைப் பார்த்துக் கலால் அதிகாரிகள் கொதித்துப்போய் அரசாங்க வழக்கறிஞரிடம் யோசனை கேட்டார்கள். அவதூறுதான் என்று அவர் கருத்துச் சொன்னாலும் வழக்கு வரைக்கும் போகவில்லை.

புரவலர் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. அகராதியின் திட்டத்தை 1747-இல் செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் பெயரில்தான் ஜான்சன் வெளியிட்டார். பிரபு பத்து பவுண்டு கொடுத்ததோடு சரி, பிறகு ஏழு வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை. அகராதி முடியப்போகிறது என்று தெரிந்ததும் பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். அவருடைய தயவு இனித் தேவையில்லை என்று ஜான்சன் 1755 பிப்ரவரியில் ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலக் கடிதங்களில் மிகவும் பெயர் பெற்ற கடிதம் அது. அகராதியிலோ புரவலர் என்றால் ஆணவத்தோடு ஆதரித்து, முகஸ்துதியைக் கூலியாகப் பெறுகிறவர் என்ற பொருளில் ஒரு ‘ஹூ’ போட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

இங்கே கொஞ்சம் இலக்கணம் பேச வேண்டும். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுவார். அவருக்குப் பின்னால் ஹூ வரும். அதற்குப் பின்னால்தான் அவருடைய வண்டவாளம் வரும். அதாவது குத்து கடைசியில் விழுகிறது. தமிழில் அப்படி இல்லை. ‘நேற்று வந்த பையன்’ என்கிறோம். ‘வந்த’ என்ற பெயரெச்சம் முன்னால் நிற்க, பையன் கடைசியில் வருகிறான். நம் மொழிகளில் ஹூ, விச் போன்ற சொற்கள் கிடையாது, அந்த வேலையைப் பெயரெச்சமே பார்த்துக்கொள்கிறது என்பதை, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் எடுத்துச் சொன்னார். பள்ளியில் நாம் திணறியதற்குக் காரணம் மூளைக்குறைவு இல்லை. வாக்கியத்தைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருந்ததுதான்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ஆங்கிலக் கேலி விளக்கத்தை அப்படியே தமிழில் சொன்னால் அது விடுகதை ஆகிவிடும். ‘எல்லாரும் கொடுக்க ஆசைப்படுகிற, யாரும் வாங்க விரும்பாத பொருள் எது?’ என்று கேட்டால் விடை ‘அறிவுரை’. ஆங்கிலத்தில் அறிவுரை முதலில் வந்து, கிண்டல் பின்னால் வரும். நமக்கும் அந்தக் கடைசிக் குத்து வேண்டும் என்றால் ‘என்பவர்’, ‘என்பது’ போட்டு நிறுத்தி, பிறகு ‘கொடுக்கிறவர்’, ‘வாங்குகிறவர்’ என்று முடிக்கலாம். எங்கள் வகுப்பில் மனத்துக்குள் நடந்த மொழிபெயர்ப்பு அதுதான்.

சரி, பென்ஷனுக்கு வருவோம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பென்ஷன் என்றால் நம்முடையதைப் போன்ற ஓய்வூதியம் மட்டும் அல்ல. அரசரும் மந்திரிகளும் தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையையும் அந்தச் சொல்லால்தான் சொன்னார்கள். அதனால் ஜான்சன் பென்ஷனை, ஈடாக எதுவும் தராமல் வாங்குகிற பணம் என்றும், நாட்டுக்குத் துரோகம் செய்வதற்கான கூலி என்றும் எழுதிவைத்தார். பென்ஷனரை எஜமானுக்குக் கீழ்ப்படியச் சம்பளம் வாங்குகிற அடிமை என்று சொன்னார்.

அகராதி பெயரைக் கொடுத்தது, பணத்தைக் கொடுக்கவில்லை. ஒப்பந்தத் தொகை வேலை முடிவதற்குள் கரைந்துவிட்டது. 1756-இல், அதாவது அகராதி வந்த மறு வருஷம், ஆறு பவுண்டுக்கும் குறைவான கடனுக்காக ஜான்சன் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் கொடுத்து மீட்டார்.

1762-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அரசாங்கம் அவருக்கு ஒரு பென்ஷன் அறிவித்தது. வருஷத்துக்கு 300 பவுண்டு! ஜான்சனுக்குத் தர்மசங்கடம். வாங்கினால் தான் எழுதிய அகராதியின்படி தானே அடிமை. வாங்காவிட்டால் பழைய வறுமை. ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் அவருக்கு நண்பர். அவரிடம் போய் யோசனை கேட்டார். அந்த விளக்கம் உங்களுக்குப் பொருந்தாது என்றார் ரெனால்ட்ஸ். பிரதமர் பியூட் பிரபுவும், இனிமேல் செய்யப்போகும் எதற்காகவும் இதைக் கொடுக்கவில்லை, இதுவரை செய்ததற்காகவே கொடுக்கிறோம் என்று உறுதி சொன்னார். ஜான்சன் வாங்கிக்கொண்டார். எதிரிகள் பல வருஷம் அவர் விளக்கத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். 1773-இல் அகராதியை அவரே திருத்தி நான்காம் பதிப்பு கொண்டுவந்தார். அப்போதும் பென்ஷனுக்கு எழுதிய விளக்கத்தை நீக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பியூட் பிரபு சொன்ன ‘இதுவரை செய்ததற்காக’ என்ற அந்த ஒரு விஷயம் 220 வருஷம் கழித்து நம் நாட்டில் பெரிய வழக்காக வந்தது. மத்திய அரசு 1979 மே மாதம் ஒரு உத்தரவு போட்டது. பென்ஷனுக்குப் புதிய கணக்கு, முன்னைவிடக் கூடுதல் பலன். ஆனால் அந்த உத்தரவில் ஒரு ரிலேட்டிவ் கிளாஸ் இருந்தது. 1979 மார்ச் 31 அன்று பணியில் இருந்து, அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெறுகிறவர்களுக்கு மட்டும் என்பதுதான் அது. ஒரு நாள் முன்னால் ஓய்வு பெற்றவர் அதே வேலையை அதே அளவு செய்திருந்தாலும் பழைய கணக்குதான். எங்கள் வகுப்பில் ஹூவுக்குப் பின்னால் வந்தது சிரிப்பு. இங்கே வந்தது பல ஆயிரம் முதியவர்களின் அரிசியும் மருந்தும்.

1972-இல் ஓய்வு பெற்றிருந்த டி.எஸ். நகாராவும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு விசாரித்தது. 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி டி.ஏ. தேசாய். பென்ஷன் என்பது எஜமானின் விருப்பத்தைப் பொறுத்த தானமோ சலுகையோ அல்ல, செய்த பணிக்காகக் கிடைக்கும் உரிமை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஒரே கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று, அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டது. உத்தரவின் மிச்சம் அப்படியே நின்றது. முந்தைய காலத்துக்கு நிலுவை கிடையாது. ஆனால் குறிப்பிட்ட தேதியிலிருந்து எல்லாருக்கும் ஒரே கணக்கு. ஒரு வாக்கியத்தின் வாலை நறுக்கியதில் அத்தனை பேருக்கு விடிவு கிடைத்தது. டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் சங்கங்கள் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது இதனால்தான்.

அந்த ஒன்பதாம் வகுப்பில் நான் சொன்ன விளக்கம் தப்பு. இலக்கணம் சரிதான், பொருள்தான் தப்பு. ஆசிரியர் இன்று இருந்திருந்தால் எழுந்து நின்று திருத்திச் சொல்லியிருப்பேன்: பென்ஷனர் என்பவர், முப்பது வருஷம் செய்த வேலைக்கு மிச்சக் கூலியை வாங்குகிறவர். அதை வாங்குவதற்காக, தாம் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒருமுறை நிரூபித்துக் காட்டுகிறவர்.

இதற்கும் வகுப்பு சிரித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.