லயத்து வாசலில் எழுந்த மொழிக்கருத்து

அரசியலையும் மொழியையும் பற்றிக் கருத்துரைத்தல் கற்றோர்க்கே உரியதென எண்ணுவார் உளர். பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களின் வரலாறு அவ்வெண்ணத்திற்கு இடந்தருவதில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கல்வி வளர்ச்சியன்று நிருவாகங்களின் நோக்கம். பால்மரம் வெட்டக் கைகள் குறையலாகாது என்பதே. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் நடத்திய பள்ளிகளும் இருந்தன. ஆயினும், அங்கே எழுத்துக்கூட்டக் கற்ற ஒருவனே போதுமானவனாயினான். மாலையில் லயத்து வாசலில் அவன் ‘தமிழ் நேச’னையோ ‘தமிழ் முர’சையோ உரக்கப் படிப்பான், எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்பர். கேட்டதோடு அமையார்; வினவுவர், மறுப்பர், சிலபோது கைகலப்பும் நேரும். 1929ஆம் ஆண்டிறுதியில் பெரியார் மலாயாவிற்கு வந்து ஈப்போவிலும் உரையாற்றிச் சென்றபின், சாதியும் சடங்கும் அவ்வழக்கின் பொருளாயின.

இவ்வாறு பழகிய செவிகள் பின்னர் ஒரு பெருஞ்செயலுக்கு உதவின. 1950களில், அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகம் இந்திய இயல் துறை ஒன்றை நிறுவ முனைந்தது. அதில் வடமொழிக்கே முதன்மை வேண்டும் என்ற கருத்து எழுந்தது. இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலார் தமிழர் அல்லரோ எனத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி கிளர்ந்தெழுந்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி தொடங்கப்பெற்றது. பல்கலைக்கழக வாயிலை ஒருநாளும் மிதித்தறியாத பாட்டாளிகள் தம் சம்பளத்திலிருந்து வெள்ளி கொடுத்தனர். (சம்பளம் எத்துணைச் சிறிது என்பதை அக்காலத் தோட்ட மக்களைக் கேட்டால் தெரியும்.) 1956இல் துறை அமைந்தது, தமிழும் அதில் தனக்குரிய இடம் பெற்றது. பின்னர்த் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயக அடிகளார் அதன் தலைமையேற்றார்; 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அந்நகரில் கூடியது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் கலைந்தன. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது. கருத்துரைப்போர் இன்று குறைந்திலர். கைப்பேசியில் முன்னினும் பெருகியே உள்ளனர். ஆனால் தனித்துப் படிப்பவனை அருகிருந்து மறுப்பார் இலர். இதனை இழப்பென்றே யான் கருதுகின்றேன்.

நம் பள்ளிகளில் இன்று தமிழ் கற்பிப்போருள் அத்துறையில் பயின்றோர் உளர். அன்று வெள்ளி கொடுத்தோருள் தம் பாட்டனாரும் ஒருவரோ என்பதை அவருட் சிலர் இன்னும் வீட்டு முதியோரிடம் கேட்டறியக்கூடும்.